மூணு வயசு எடிட்டர்கள் சொன்னதைக் கேட்டவர்! - 'குட்நைட் மூன்' மார்கரெட்டின் கதை

ஒரு குட்டிப் பாப்பாவை மடியில் உட்கார வெச்சு புத்தகம் வாசிச்சுக் காட்டியிருக்கீங்களா? முதல் ரெண்டு பக்கம் ஒழுங்கா கேட்கும். மூணாவது பக்கத்தில் புத்தகத்தோட மூலையைக் கடிக்கும். நாலாவது பக்கத்தில் எழுந்து போயிடும். இந்தக் குழந்தைக்குப் பொறுமையே இல்லைன்னு சொல்லிட்டு, நாமளும் போனை எடுத்துக் கையில் கொடுத்துடுவோம்.

1930-களில் நியூயார்க்கில் ஓர் இளம்பெண்ணும் தினம் தினம் இதே காட்சியைப் பார்த்தார். ஆனால், அவர் குழந்தையைக் குறை சொல்லவில்லை. கதையில்தான் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டார். திருத்தி எழுதி, மறுபடியும் அதே குழந்தைகளிடம் கொண்டுபோனார். அவருடைய எடிட்டர்கள் எல்லாருக்கும் வயசு ரெண்டு, மூணு, நாலு. ஒருத்தருக்கும் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது.

அவர் பெயர் மார்கரெட் வைஸ் பிரவுன். 'குட்நைட் மூன்' என்ற சின்னப் புத்தகத்தை எழுதியவர். அமெரிக்காவில் குழந்தை பிறந்த வீட்டுக்குப் பரிசு வாங்கிப் போகிறவர்கள் முதலில் தேடும் புத்தகங்களில் அதுவும் ஒன்று. ஆனா, அந்தப் புத்தகத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு அவ்வளவு ஈஸியானது இல்லை.

அப்பா அம்மா இந்தியாவில், மகள் ஹாஸ்டலில்

மார்கரெட் 1910-ம் ஆண்டு மே 23 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். ஓர் அண்ணன், ஒரு தங்கை. இவர் நடுப்பிள்ளை. அப்பாவுக்குக் கயிறு தயாரிக்கும் பெரிய நிறுவனத்தில் வேலை. வசதியான குடும்பம்தான். பின்னர் லாங் ஐலண்டுக்குக் குடிபோனார்கள். அங்கே காடு, கடற்கரை, வீடு நிறைய செல்லப்பிராணிகள், அதில் முயல்களும் உண்டு. பின்னால் அவர் எழுதிய புத்தகங்களில் முயல்கள் துள்ளிக்கொண்டே இருப்பதற்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது.

1923-ல் அவருக்குப் பதின்மூன்று வயது. பெற்றோர் இந்தியாவில் இருந்தார்கள். மார்கரெட்டும் தங்கையும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில். தூங்கப்போகும் நேரத்தில் பக்கத்தில் பெரியவர்கள் யாராவது இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிற்காலத்தில் அவர் எழுதிய புத்தகங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்த ஹாஸ்டல் ராத்திரிகளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்குத் தோணும். இது என் ஊகம்தான், அவர் அப்படி எழுதி வைக்கவில்லை.

படிப்பில் சுமார். விளையாட்டில் கெட்டிக்காரி. வெர்ஜீனியாவில் உள்ள ஹாலின்ஸ் கல்லூரியில் 1932-ல் ஆங்கிலப் பட்டம் வாங்கினார். காய்ந்த புல்லின் நிறத்தில் முடி இருந்ததால், அந்தப் புல்லின் பெயரையே சுருக்கி நண்பர்கள் 'டிம்' என்று கூப்பிட்டார்கள். பெரிய எழுத்தாளர் ஆகணும், பெரியவர்களுக்கான இலக்கியம் எழுதணும் என்பதுதான் ஆசை. நியூயார்க் வந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சிறுகதை வகுப்பில் சேர்ந்தார். கதைக்கு 'பிளாட்' என்று ஒன்று வேண்டுமே, அது மட்டும் அவருக்கு வரவே இல்லை. வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டார்.

கதையே இல்லாத கதைகள்தான் பின்னால் அவருக்குப் பெயர் வாங்கித் தரப்போகின்றன. அப்போது அது அவருக்கும் தெரியாது.

பேங்க் ஸ்ட்ரீட்டில் கிடைத்த பாடம்

1935-ல் நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட்டில் இருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். பெயர் பேங்க் ஸ்ட்ரீட் என்றாலும், பணத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. லூசி ஸ்ப்ரேக் மிட்செல் என்ற கல்வியாளர் நடத்திய சோதனைக்கூடம் அது. கூடவே ஒரு நர்சரி பள்ளியும் இருந்தது. சோதனை என்றால் ஊசி, மருந்து இல்லை. சின்னக் குழந்தைகள் எப்படி விளையாடுகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள், எதைக் கேட்டால் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று உட்கார்ந்து கவனித்து எழுதுவதுதான் அங்கே வேலை.

அந்தக் காலத்தில் குழந்தை இலக்கியம் என்றாலே ராஜா, ராணி, தேவதை, சூனியக்காரி. ஒரு ஊர்ல என்று ஆரம்பித்தால்தான் கதை. நூலகங்களில் குழந்தைப் பிரிவை ஆண்டவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். மிட்செல் இதை ஏற்கவில்லை. ரெண்டு வயசுக் குழந்தைக்குத் தேவதை எதுக்கு? சமையலறையில் கொதிக்கிற கெட்டில், தெருவில் போகிற வண்டி, தன்னுடைய செருப்பு, அம்மாவின் சீப்பு எல்லாமே அதற்குப் புதுசு. உலகத்துக்கு வந்தே ரெண்டு வருஷம்தானே ஆகுது! இந்த எண்ணத்தில் 1921-லேயே அவர் ஒரு கதைத் தொகுப்பும் வெளியிட்டிருந்தார். இரு தரப்புக்கும் இடையே பல வருஷம் பனிப்போர் ஓடியது.

மார்கரெட் டீச்சராகச் சொதப்பினார். வகுப்பைக் கட்டி மேய்க்க அவரால் முடியவில்லை. ஆனால், குழந்தைகள் பேசுவதைக் கேட்கும் காது அவருக்கு இருந்தது. அவர்கள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி ருசிப்பதையும், அர்த்தத்துக்கு முன்னாடி ஓசைதான் அவர்களைப் பிடித்து இழுக்கிறது என்பதையும் கவனித்தார். மிட்செலும் அதைக் கண்டுகொண்டார். 1937-ல் தொடங்கிய பேங்க் ஸ்ட்ரீட் எழுத்தாளர் குழுவில் மார்கரெட்டைச் சேர்த்துக்கொண்டார். அதே வருஷம் மார்கரெட்டின் முதல் புத்தகமும் வந்தது.

1938-ல் இன்னொரு கதவு திறந்தது. அந்த நர்சரியில் பிள்ளையைச் சேர்த்திருந்த வில்லியம் ஸ்காட் என்பவர் சின்னக் குழந்தைகளுக்காகவே ஒரு பதிப்பகம் ஆரம்பித்தார். முதல் எடிட்டர் மார்கரெட். அவர்கள் முதலில் கொண்டுவந்தவற்றில் ஒன்று, கிளமென்ட் ஹர்ட் படம் வரைந்த 'பம்பிள் பக்ஸ் அண்ட் எலிஃபன்ட்ஸ்'. இப்போ கடைகளில் குழந்தைகளுக்குக் கெட்டி அட்டையில் 'போர்டு புக்' விற்கிறாங்க இல்லையா, அதுக்கு முன்னோடி இதுதான் என்று சொல்பவர்களும் உண்டு. குழந்தை புத்தகத்தைக் கடிக்கும், பிடித்து இழுக்கும். அதுக்காகக் குழந்தையைத் திட்டாமல், புத்தகத்தை அதுக்கு ஏத்த மாதிரி செய்யலாமே என்று யோசித்த கூட்டம் அது.

அந்த நாள்களில் பெரிய எழுத்தாளர்களுக்கும் குழந்தைகளுக்கு எழுதச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்கள். ஹெமிங்வே, ஸ்டீன்பெக் இருவரிடமிருந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. கெர்ட்ரூட் ஸ்டைன் மட்டும் ஒப்புக்கொண்டார். 'தி வேர்ல்ட் இஸ் ரவுண்ட்' 1939-ல் வந்தது.

கண்ணைக் கட்டிய நாய்க்குட்டி

அதே 1939-ல் வந்த 'தி நாய்ஸி புக்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும். மஃபின் என்று ஒரு நாய்க்குட்டி. கண்ணில் தூசி விழுந்துவிடுகிறது. டாக்டர் கட்டுப் போட்டுவிடுகிறார். இனி அது எதையும் பார்க்க முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். ஊர் முழுக்கச் சத்தம். இது என்ன சத்தம், அது என்ன சத்தம் என்று புத்தகம் கேட்டுக்கொண்டே போகும்.

யாரைக் கேட்கிறது? மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை. குழந்தை வாயைத் திறந்து அந்தச் சத்தத்தைப் போட்டால்தான் அடுத்த பக்கத்துக்குச் சுவாரஸ்யமாகப் போக முடியும். வாசிக்கிறவர் பெரியவர், கேட்கிறவர் குழந்தை என்ற ஏற்பாட்டையே மார்கரெட் இங்கே கலைத்துப் போட்டுவிட்டார். பெரியவர் பாதி, குழந்தை பாதி. லியனார்டு வைஸ்கார்டு வரைந்த இந்தப் புத்தகம் ஓடிய ஓட்டத்தில், அதே நாய்க்குட்டியை வைத்து ஒரு வரிசையே எழுதினார்.

இப்போ ஸ்டோரி டைம், இன்டர்ஆக்டிவ் ரீடிங் என்றெல்லாம் நாம பேசுவது, எண்பது வருஷத்துக்கு முன்பே ஒரு நாய்க்குட்டியின் கண்கட்டுக்குள் இருந்திருக்கு.

முயலைத் துரத்தியவர்

இவ்வளவு எழுதியவர் குழந்தைகளைக் கண்டால் வாரி அணைத்துக் கொஞ்சுபவராக இருப்பார் என்று நினைத்தால், ஸாரி! 1946-ல் 'லைஃப்' பத்திரிகை அவரைப் பற்றிக் கட்டுரை போட்டது. சின்னப் பிள்ளை என்பதற்காக மட்டும் யாரையும் தனக்குப் பிடித்துவிடாது என்பதை அதில் மறைக்காமல் சொல்லியிருந்தார். குழந்தையைத் தனக்குச் சமமான ஆளாக நடத்தினார் என்பதே சரி. அதனால்தானோ என்னவோ, அவர் புத்தகங்களில் மழலைக் குழைவு கிடையாது.

இன்னொரு முரண்பாடும் உண்டு. வேட்டை நாய்களோடு ஓடிக் காட்டு முயல்களைத் துரத்துவது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. புத்தகத்தில் முயல்குட்டிக்குப் போர்வை போர்த்திவிட்ட அதே ஆள்! 1946-ல் வந்த 'லிட்டில் ஃபர் ஃபேமிலி' புத்தகத்துக்கு நிஜமான முயல் ரோமத்தில் அட்டை போட்டார்கள். குழந்தை தடவிப் பார்க்கணும் என்பது ஐடியா. இதை இப்போ படிக்கிற யாருக்கும் கொஞ்சம் நெளியத்தான் செய்யும். எனக்கும்தான்.

ஆள் வாழ்ந்த விதமே தனி. முதல் புத்தகத்துக்குக் கிடைத்த பணத்தில் ஒரு வண்டி நிறையப் பூக்களை, வண்டியில் இருந்த அத்தனையையும் வாங்கி வீட்டை நிறைத்தார். நண்பர்களோடு ஒரு சங்கம் வைத்திருந்தார். அதில் உறுப்பினர் யார் வேண்டுமானாலும் எந்த நாளையும் கிறிஸ்துமஸ் என்று அறிவிக்கலாம். மெய்ன் மாநிலத்தில் வைனல்ஹேவன் தீவில் மின்சாரம் இல்லாத ஒரு வீடு. நியூயார்க்கில் பெரிய கட்டடங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பழைய மரவீடு ஒன்றில் உட்கார்ந்து எழுதினார்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. மைக்கேல் ஸ்ட்ரேஞ்ச் என்ற புனைபெயரில் எழுதிய பெண் கவிஞரோடு பல ஆண்டுகள் நெருங்கிய உறவில் இருந்தார். தன்னைவிட இருபது வயது மூத்த அந்தக் காதலி, மார்கரெட்டின் குழந்தைப் புத்தகங்களை மட்டமாகத்தான் பார்த்தார். அது மார்கரெட்டைக் குத்திக்கொண்டே இருந்தது. பெரியவர்களுக்கு எழுதணும் என்ற ஆசையும் கடைசி வரை அவரை விடவில்லை. உலகமே கொண்டாடப்போகும் ஒரு வேலையைச் செய்துகொண்டே, இது நிஜமான எழுத்து இல்லையோ என்று ஒருவர் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பச்சை அறையும் ஓர் எலியும்

1942-ல் 'தி ரன்அவே பன்னி' வந்தது. வீட்டை விட்டு ஓடப்போவதாகச் சொல்கிறது குட்டி முயல். குட்டி எந்த வேஷம் போட்டாலும், அதைத் தேடிப் பிடிக்க அம்மாவும் ஒரு வேஷம் போடுகிறாள். படங்கள் கிளமென்ட் ஹர்ட்.

பிறகு ஒருநாள் காலை தூங்கி எழுந்ததும் சில வரிகளை மளமளவென்று எழுதினார். எடிட்டர் உர்சுலா நார்ட்ஸ்ட்ராமுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினார். அதுதான் 'குட்நைட் மூன்'. மொத்தமே நூற்று முப்பது சொற்கள் சொச்சம்.

கதை? ஒன்றும் இல்லை. ஒரு பச்சை அறை. கட்டிலில் ஒரு முயல்குட்டி. பக்கத்தில் பின்னல் போடும் ஒரு முயல் பாட்டி. அறையில் இருக்கும் சாமான்களுக்கு ஒவ்வொன்றாக இரவு வணக்கம் சொல்லப்படுகிறது. பூனைக்குட்டி, சீப்பு, பிரஷ், கஞ்சிக் கிண்ணம், நிலா. ஒரு பக்கத்தில் படமே இல்லை, வெறும் வெள்ளை. அங்கே இருக்கும் 'யாருமில்லாத'தற்கும் ஒரு வணக்கம். அவ்ளோதான்.

ஹர்ட் முதலில் மனிதர்களாகத்தான் வரைந்து பார்த்தார். அவருக்கு மனிதர்களைவிட முயல் நன்றாக வரும் என்பதால், முயல் ஆக்கிவிட்டார்கள். அறைச் சுவரில் நிலாவைத் தாண்டும் மாட்டின் படம் ஒன்று இருக்கிறது. மடி தெளிவாகத் தெரிந்தால் நூலகர்கள் முகம் சுளிப்பார்களோ என்று பயந்து, அதை மங்கலாக்கச் சொன்னார் எடிட்டர். மாட்டுக்கு மடி இருந்தா என்னப்பா தப்பு?

படங்களில்தான் நிஜமான விளையாட்டு இருக்கிறது. அறை வரும் ஒவ்வொரு வண்ணப் பக்கத்திலும் ஒரு குட்டி எலி வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். வார்த்தைகள் அது எங்கே என்று சொல்லவே சொல்லாது. கடிகாரம் ஏழு மணியில் ஆரம்பித்து எட்டு மணி பத்து நிமிடத்துக்கு நகரும். ஜன்னலில் நிலா மெல்ல ஏறும். அறை பக்கத்துக்குப் பக்கம் இருட்டிக்கொண்டே வரும்.

என் அக்கா மகளுக்கு ரெண்டரை வயசு இருக்கும்போது இதை வாசிச்சுக் காட்டினேன். எனக்கு வாசிக்க ரெண்டு நிமிஷம். அவளுக்குப் பார்க்க இருபது நிமிஷம். நான் பக்கத்தைத் திருப்பப் போனால் கையைத் தட்டிவிடுவாள். எலியைக் கண்டுபிடிக்காமல் நகரவே மாட்டாள். வார்த்தை எனக்கு, எலி அவளுக்கு. படிக்கத் தெரிந்த நான் மூணு பக்கத்தில் அந்த எலியைக் கவனிக்கவே இல்லை என்பதை அவள்தான் காட்டிக்கொடுத்தாள்.

வாசலில் நின்ற புத்தகம்

'குட்நைட் மூன்' 1947-ல் வெளிவந்தது. விலை 1.75 டாலர். முதல் சீசனில் விற்றது ஏறத்தாழ 6,000 பிரதிகள். அது பெரிய வெற்றி இல்லை. அதைவிடப் பெரிய அடி, நியூயார்க் பொது நூலகம் அதை வாங்கவே இல்லை.

நூலகம் வாங்காவிட்டால் என்ன என்று தோணலாம். ஆன் கரோல் மூர் என்ற நூலகர் அங்கே குழந்தைப் பிரிவை உருவாக்கி வளர்த்தவர். 1941-ல் ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய ருசிக்குத்தான் அங்கே மதிப்பு. அந்த நூலகம் தலையாட்டினால் நாடு முழுக்க நூலகங்கள் வாங்கும். மூர் தேவதைக் கதைகளின் கட்சி. பேங்க் ஸ்ட்ரீட் பாணி எழுத்து அவருக்கு ஆகாது. சீப்புக்கும் பிரஷ்ஷுக்கும் வணக்கம் சொல்லும் புத்தகத்தில் இலக்கியம் எங்கே இருக்கு என்பது அந்தக் கட்சியின் கேள்வி. நியாயமான கேள்விதான், ரெண்டு வயசுக்காரர்களையும் கூப்பிட்டுக் கேட்டிருந்தால்.

மார்கரெட் அதற்காக முடங்கவில்லை. அதே 1947-ல், கோல்டன் மெக்டொனால்டு என்ற புனைபெயரில் அவர் எழுதிய 'தி லிட்டில் ஐலண்ட்' புத்தகத்தின் படங்களுக்காக வைஸ்கார்டுக்கு கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. 25 சென்ட்டுக்குச் சந்தைக்கு வந்த 'லிட்டில் கோல்டன் புக்ஸ்' வரிசைக்கும் நிறைய எழுதினார். புத்தகக் கடைப் பக்கமே போகாத குடும்பங்கள்கூட வாங்கிய புத்தகங்கள் அவை. பணக்கார நர்சரியில் சோதித்த விஷயம் சாதாரண வீட்டுக் கட்டிலுக்கு வந்தது அந்த மலிவு விலையால்தான். அவர் வாழ்க்கையில் இதுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் கிடைச்சிருக்கணும்.

மைக்கேல் ஸ்ட்ரேஞ்ச் 1950-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். மார்கரெட் மெல்ல மீண்டார். 1952-ல் ஜேம்ஸ் ஸ்டில்மன் ராக்ஃபெல்லர் ஜூனியர் என்ற, தன்னைவிட இளையவரைச் சந்தித்துக் காதலித்தார். கல்யாணம் என்று முடிவாயிற்று. இடையில் பிரான்ஸுக்குப் போன இடத்தில் திடீரென்று வயிற்று வலி. நீஸ் நகரில் அறுவை சிகிச்சை நடந்தது, நன்றாகத் தேறினார். நவம்பர் 13 அன்று, தான் எவ்வளவு தெம்பாக இருக்கிறேன் என்று நர்ஸுக்குக் காட்ட, படுக்கையிலிருந்தே ஒரு காலைத் தூக்கி உதைத்துக் காட்டினார். காலில் இருந்த ரத்தக்கட்டி நகர்ந்துவிட்டது. அங்கேயே உயிர் போனது. வயது 42. அதற்குள் நூறு புத்தகங்களைத் தொட்டிருந்தார்.

உயிலில் 'குட்நைட் மூன்' உள்ளிட்ட பல புத்தகங்களின் ராயல்டியைப் பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவனுக்கு எழுதி வைத்திருந்தார். அன்றைக்கு அது பெரிய தொகையே இல்லை. 1953-ல் 'குட்நைட் மூன்' விற்றது சுமார் 1,500 பிரதிகள்தான்.

அப்புறம் நடந்ததுதான் ஆச்சர்யம். விளம்பரம் இல்லை, எழுதியவரும் இல்லை. ஓர் அம்மா இன்னோர் அம்மாவிடம் சொன்னார். இதை வாசித்தால் குழந்தை தூங்குகிறது என்ற செய்தி வீடு வீடாகப் போனது. 1955-ல் 4,000. 1960-ல் 8,000. 1970-ல் 20,000. நூலகங்கள் திறக்காத கதவை, ராத்திரி தூக்கம் கெட்ட பெற்றோர் திறந்துவிட்டார்கள்.

கடைசியில் 1972-ல் நியூயார்க் பொது நூலகமும் அந்தப் புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்தது. வெளிவந்து 25 வருஷம், மார்கரெட் இறந்து 20 வருஷம் கழித்து.

2020 ஜனவரியில் அந்த நூலகம் தன்னுடைய 125-வது ஆண்டையொட்டி, இதுவரை அதிகம் பேர் இரவல் எடுத்த பத்துப் புத்தகங்களின் பட்டியலை வெளியிட்டது. முதல் இடம் எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே'. அதுவும் குழந்தைகளுக்கான படப் புத்தகம்தான். பத்துக்குள் 'குட்நைட் மூன்' இல்லை. பட்டியலுக்குக் கீழே அதற்கு மட்டும் தனியாக ஒரு குறிப்பு போட்டிருந்தார்கள். 1972 வரை இந்தப் புத்தகம் எங்களிடம் இல்லை, இல்லாவிட்டால் மேலே இருந்திருக்கும் என்ற பொருளில்.